நாலு மணிக்கு மேல் வண்டி ஓடாது!

"மெக்ஸிகோவுக்குக் காரில் போகப் போகிறேன்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகம் போகிற போக்கே தனி.

எதிர்வீட்டு ரிடையர்டு தாசில்தார், "ஏம்ப்பா, எல்.ஐ.சி. எதுவும் போட்டிருக்கியா?" என்றார். முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்தி, "அங்க ஆளையே கடத்திட்டுப் போயிருவாங்களாமே சார்?" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். "உங்களையா? கடத்திட்டு யார்கிட்ட பணம் கேப்பான், பாவம்!" என்றாள். பாவம் என்று அவள் சொன்னது கடத்துகிறவனை.

அம்மா மட்டும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டாள். "அங்க அரிசி கெடைக்குமாடா?"

கிடைக்கும். அவர்களும் சோறு சாப்பிடுகிறவர்கள்தான், தக்காளி போட்டுச் சிவப்பாகச் செய்வார்கள் என்றதும் அம்மாவுக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதி எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதை எழுதுவது அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து ஸான் அன்டோனியோவில், நண்பன் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து. நாளை விடிகாலை கிளம்புகிறோம். போய்விட்டு வந்து எழுதலாமே என்பீர்கள். திரும்பி வந்தபின் எழுதினால் எல்லோரும் வீரர்கள்தான். கிளம்புவதற்கு முன்னால் எழுதினால்தான் உண்மை வரும்.

நண்பனின் பெயரைப் போட்டால் உதைப்பான். காலேஜில் அவனுக்கு 'ஜாமெட்ரி பாக்ஸ்' என்று பெயர். பரீட்சை ஹாலில் யாருக்கு ரப்பர், ஸ்கேல், ரீஃபில் இல்லை என்றாலும் அவனிடம் இருக்கும். நாளடைவில் ஜாமெட்ரி தேய்ந்து 'பாக்ஸ்' ஆகிவிட்டான். நானும் அவனும் பி.காம். அவன் அதற்கு மேலும் படித்து அமெரிக்காவில் பச்சை அட்டை வாங்கிவிட்டான். நான் அதற்கு மேல் படிக்காமல் பத்திரிகையில் எழுத வந்துவிட்டேன். ஆளுக்கொரு விதி.

பாக்ஸ் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டிருக்கிறான். 12 நாள், போக வரச் சுமார் 3,000 கிலோமீட்டர். ஸான் அன்டோனியோவிலிருந்து எல்லை. அங்கிருந்து மான்டெர்ரே, ஸால்ட்டியோ, மத்தேவாலா. பிறகு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கிராமத்து ரோடுகள். ரியால் தெ கத்தோர்ஸே என்று ஒரு மலை ஊர். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கத்தால் கொழித்துவிட்டு, பிறகு ஆளே இல்லாமல் போன ஊர். ஊட்டியைவிட உயரம். அடிவாரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் கல் பாவிய ரோடு. அது முடிகிற இடத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஒரு சுரங்கப் பாதை. 1901-இல் திறந்தது. உள்ளே ஒரு வண்டிதான் போகலாம். இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி விடுவார்கள். அதற்கப்புறம் ஷிலித்லா, ஸியர்ரா கோர்தா மலைகள், ஹால்பன் என்று ஷீட் போய்க்கொண்டே இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறுகிற மலை ரோடாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியையும் பார்த்த எங்களுக்கா வளைவு காட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். சத்தமாகச் சொல்லவில்லை.

ஏன் டிசம்பரில் போகாமல் பிப்ரவரியில்? கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவில் வேலை பார்க்கும் மெக்ஸிகோக்காரர்கள் லட்சக்கணக்கில் ஊருக்குப் போவார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

எந்த இடத்தில் எல்லையைத் தாண்டுவது என்பதில் பாக்ஸ் ரொம்பக் கறார். பக்கத்தில் இருப்பது லாரெடோ. அதற்கு நேர் எதிரே இருக்கிற ஊர் தமாலிபாஸ் மாநிலத்தில் வருகிறது. அமெரிக்க அரசு மெக்ஸிகோவின் 32 பகுதிகளுக்கும் தனித்தனியாக மார்க் போட்டு எச்சரிக்கை வெளியிடுகிறது. தமாலிபாஸ் 2018-லிருந்து 'போகவே வேண்டாம்' லிஸ்ட். ஆனால் கொஞ்சம் மேற்கே தள்ளி கொலம்பியா பாலம் என்று ஒன்று இருக்கிறது. 1991-இல் கட்டியது. அதில் போனால் நேராக நுவேவோ லெயோன் மாநிலத்தில் இறங்கலாம். அந்த மாநிலம் அமெரிக்காவைத் தொடுவதே சுமார் 15 கிலோமீட்டர்தான். அந்தச் சந்து வழியாக நுழைகிறோம். 'மெக்ஸிகோ ஆபத்து' என்று ஒரு வார்த்தையில் சொல்வது, இம்பாலில் கலவரம் என்றால் இந்தியாவுக்கே போகாதே என்பது மாதிரி. எந்த மாநிலம், எந்த ரோடு, எத்தனை மணிக்கு என்று மூன்று கேள்வி கேட்டால் பயம் பாதியாகிவிடுகிறது. இது பாக்ஸ் சித்தாந்தம்.

இனி பேப்பர் சமாசாரம். இதில் நான் புலி.

நம் பாஸ்போர்ட்டுக்கு மெக்ஸிகோ விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் அதுவே போதும். என் விசா பல முறை போய் வரக்கூடியது, தப்பித்தேன். எல்லையில் டூரிஸ்ட் பெர்மிட்டை நாமே ஆபீஸைத் தேடிப் போய் வாங்க வேண்டும். யாரும் கையைப் பிடித்துக் கூப்பிட மாட்டார்கள். விட்டுவிட்டுப் போனால் திரும்பும்போதுதான் வம்பு.

அடுத்தது காருக்கு. மனுஷனுக்கு மட்டுமா, காருக்கும் பெர்மிட் உண்டு. எல்லையிலிருந்து இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டுமானால் 'தற்காலிக இறக்குமதி' பெர்மிட் கட்டாயம். கொடுப்பது பான்ஹெர்சித்தோ என்கிற பேங்க். ராணுவத்தின் பேங்க் அது! அதற்கு டெபாசிட் கட்ட வேண்டும். 2007 அல்லது அதற்குப் பின் வந்த மாடல் என்றால் 400 டாலர். கெடு முடிவதற்குள் காரை வெளியே கொண்டுவந்து, பெர்மிட்டை ரத்து செய்தால் பணம் வாபஸ். மறந்தால் கோவிந்தா. பாக்ஸ் இதைச் செலவுப் பக்கத்தில் எழுதியிருந்தான். நான் அடித்துவிட்டு 'திரும்பி வரவேண்டிய டெபாசிட்' என்று சொத்துப் பக்கம் மாற்றினேன். படித்த படிப்பு வீண் போகவில்லை.

பெர்மிட் பாக்ஸ் பெயரில். அவன் வண்டிக்குள் இருக்கும்வரை வேறு ஆளும் ஓட்டலாமாம். இந்த வரியைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாவது இன்ஷூரன்ஸ். அமெரிக்க பாலிசியை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. மெக்ஸிகோ கம்பெனியின் பாலிசிதான் செல்லும். 12 நாளைக்கு என்று கணக்காக எடுக்கலாம். விபத்தில் யாருக்காவது அடிபட்டால், தப்பு யாருடையது, நஷ்டஈடு யார் கொடுப்பது என்று தீரும்வரை டிரைவரைப் பிடித்து வைக்கலாம். அதனால் வக்கீல், ஜாமீன் இரண்டும் சேர்ந்த பாலிசியாக எடுத்தான். படிவத்தில் 'டிரைவர் 2' என்று ஒரு கட்டம். அதில் என் பெயரை எப்போது எழுதினானோ தெரியாது.

ரோடு விஷயத்துக்கு வருவோம். மெக்ஸிகோ ரோட்டைப் பற்றிப் படிக்கப் படிக்க நம் ஊர் வாசனை அடிக்கிறது சார்!

ஊருக்கு ஊர் ஸ்பீட் பிரேக்கர். பெயர் 'தோபே'. பெயின்ட் அடித்தும் இருக்கும், அடிக்காமலும் இருக்கும். பக்கத்திலேயே வேர்க்கடலை விற்பவர் நின்றால், அங்கே தோபே இருக்கிறது என்று அர்த்தம். வண்டி எங்கே ஸ்லோ ஆகுமோ அங்கேதானே வியாபாரம்! ஒற்றையடிப் பாலத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால், முதலில் ஹெட்லைட் அடித்தவன் போவான். அமெரிக்காவில் லைட் அடித்தால் 'நீங்க போங்க' என்று மரியாதை. மெக்ஸிகோவில் அடித்தால் 'நான் வர்றேன், ஒதுங்கு'. அதாவது நம்மூர் கிராமர்.

வம்பு பிடித்தது இடது பக்க இண்டிகேட்டர். முன்னால் போகிற லாரி அதைப் போட்டால் 'ரோடு காலி, ஓவர்டேக் பண்ணிக்கோ' என்று அர்த்தம். அல்லது 'நான் இடது பக்கம் திரும்பப் போகிறேன்' என்றும் அர்த்தம். இரண்டில் எது என்று முன்னால் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நம் லாரி க்ளீனர் கையை வெளியே நீட்டி 'போ போ' என்பதில் இந்தக் குழப்பம் இல்லை.

பெட்ரோல் பங்க்கில் ஆள்தான் அடிப்பார். அடிக்குமுன் மீட்டரில் ஜீரோ பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'ஜீரோ பார்த்துக்கங்க சார்' என்கிற குரல் காதிலேயே கேட்டது. பல காலம் அந்நாட்டில் பெமெக்ஸ் என்ற அரசு பங்க் மட்டும்தான். 1938-இல் ஜனாதிபதி லாஸாரோ கார்தெனாஸ் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கியபோது, நஷ்டஈடு கொடுப்பதற்காக ஜனங்கள் நகையையும் கோழியையும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். இப்போது மற்ற கம்பெனிகளும் வந்துவிட்டன. ஜீரோ பார்க்கிற வழக்கம் மட்டும் போகவில்லை.

வண்டி படுத்துவிட்டால்? நெடுஞ்சாலைகளில் 'பச்சை தேவதைகள்' ரோந்து வருவார்கள். கிண்டல் இல்லை, அரசாங்கப் பெயரே அதுதான். சுற்றுலா இலாகாவின் பச்சை வண்டி. 078-க்கு போன் செய்தால் மெக்கானிக் வருவார். கூலி கிடையாது, ஸ்பேர் பார்ட்ஸுக்கு மட்டும் காசு. டயர் வெடித்தால் தேட வேண்டிய போர்டு 'வுல்கனிஸதோரா'. நம் 'வல்கனைஸிங்' கடைக்கு ஒன்றுவிட்ட தம்பி! பஞ்சரான டயருக்கு 'யாந்தா போன்ச்சாதா'. பஞ்சரைத்தான் பாட்டாகப் பாடியிருக்கிறார்கள்.

வழியில் ராணுவ செக்போஸ்ட் வருமாம். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்பது இரண்டே கேள்வி. எங்கிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்? நம் சாமியார்கள் ஆயிரம் வருஷமாகக் கேட்டும் நாம் பதில் சொல்லாத கேள்விகள். துப்பாக்கியோடு கேட்டால் சொல்லிவிடுவோம் என்று நினைக்கிறேன்.

'நான் தமிழ்' என்று ஸ்பானிஷில் சொல்லிப் பழகினேன். பாக்ஸின் ஆபீஸில் வேலை செய்யும் மெக்ஸிகோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். 'தமால்' என்பது அங்கே ஒரு பலகாரம். மக்காச்சோள மாவுக்குள் கறியோ மிளகாயோ வைத்து, சோளத் தோகையிலோ வாழை இலையிலோ சுற்றி ஆவியில் வேகவைப்பது. 'நான் ஒரு கொழுக்கட்டை' என்று அறிமுகம் செய்துகொண்டிருக்கிறேன்! என் சரீரத்தைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

பாக்ஸின் மனைவி ஒரு டப்பா இட்லி மிளகாய்ப்பொடி கொடுத்தாள். மிளகாய் பிறந்ததே மெக்ஸிகோ பக்கம்தான். அங்கிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் ஏறி நம்மிடம் வந்தது. சப்போட்டா, கொய்யா, சீத்தாப்பழம், பப்பாளி எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்கு. சப்போட்டா என்கிற பெயரே அந்நாட்டுப் பழங்குடி மொழியில் புறப்பட்டு வந்தது. ஆக, திருநெல்வேலிக்கே அல்வா கொண்டு போகிறோம். டப்பாவை டிக்கியில் வைத்தோம். ஸ்டெப்னி, ஜாக்கி, டயருக்குக் காற்றடிக்கும் மெஷின், டார்ச், முதலுதவிப் பெட்டி, டோல்கேட்டுக்குச் சில்லறை பெசோ, நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் மேப், எல்லாப் பேப்பருக்கும் மூன்று ஜெராக்ஸ். பாக்ஸ் பெயருக்கேற்ற பாக்ஸ்.

இவ்வளவும் ஜாலியாகப் படித்துக்கொண்டு வந்த நான், போன மாதம் ஒரு ராத்திரி ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்தது. 'ரோட்டில் கல்லோ மரக்கிளையோ கிடந்தால் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் ஏதோ வண்டி பழுதாகி நிற்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.'

புத்தகத்தை மூடிவிட்டேன்.

2013 ஜனவரி. உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகிற ரோடு. பாக்ஸின் அண்ணனுடைய பழைய மாருதி. ராத்திரி ஏழரை இருக்கும். ஓட்டியது நான். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று அச்சு முறிந்து ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. பின்னால் லைட் கிடையாது. அடையாளத்துக்கு ஒரு வேப்பங்கொத்தைச் செருகி வைத்திருந்தார்கள். இருட்டில் வேப்பங்கொத்து யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தபோது பத்தடி தூரம்தான் இருந்தது.

எனக்கு நெற்றியில் நாலு தையல். இடது சீட்டில் இருந்த பாக்ஸுக்கு முழங்கால் போயிற்று. உள்ளே கம்பி, ஸ்க்ரூ. இன்றைக்கும் ஏர்போர்ட்டில் அவன் நுழைந்தால் மெஷின் கத்தும். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிப்பான். அதைப் பற்றி ஒரு நாள்கூட அவன் என்னிடம் பேசியதில்லை. நானும் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. லைசென்ஸை மட்டும் ரின்யூ பண்ணி வைத்திருக்கிறேன், ரேஷன் கார்டு மாதிரி ஒரு அடையாளத்துக்கு. அம்மாவின் மீதிப் பாதி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

இங்கே வந்து இறங்கிய அன்றைக்குத்தான் எக்ஸெல் ஷீட்டை முழுசாகப் பார்த்தேன். ஐந்தாவது பத்தி, 'ஓட்டுபவர்'. ஒரு நாள் அவன், ஒரு நாள் நான். சென்னையிலேயே 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கி வரச் சொன்னதன் மர்மம் விளங்கியது.

"டேய், இதுல எம்பேரு எதுக்கு?"

"ஓட்டறதுக்கு."

"நான் ஓட்டறதில்லைன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். மூவாயிரம் கிலோமீட்டர் நான் ஒருத்தனே ஓட்டினா இந்த முட்டி தாங்காதுன்னும் தெரியும்."

முதல் தடவையாக முட்டி என்ற வார்த்தை எங்கள் நடுவே வந்தது. நான் வாயைத் திறந்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஒத்திகை பார்த்த மன்னிப்பு. ஒரு வார்த்தை வரவில்லை.

அவனே பேசினான். "அன்னிக்கு டீக்கடைல நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? 'பொழுது போயிருச்சுடா, இங்கயே எங்கயாவது தங்கிட்டுக் காலைல போலாம்'னே. நான்தான், 'ரூமுக்கு வேற தண்டம் அழணுமா, ஒரு மணி நேரத்துல போயிரலாம், எடு வண்டிய'ன்னு வெரட்டினேன். ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பல்லாம் அதையேதான் நெனச்சிட்டிருந்தேன். ஒன்கிட்ட சொல்ல வாய் வரல."

எனக்கு அந்த டீக்கடைப் பேச்சு சுத்தமாக மறந்துபோயிருந்தது.

கணக்குப் படித்தவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே நஷ்டத்தை இரண்டு பேர் புத்தகத்திலும் முழுசாக எழுதக் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் பி.காம். அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம், அத்தனை வருஷமும். ஒருவருக்கொருவர் புத்தகத்தைக் காட்டவும் இல்லை.

அதற்கடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் காலையில், காலியான ஒரு பார்க்கிங் மைதானத்தில் பழகினேன். இங்கே எல்லாம் நமக்கு உல்டா. ரோட்டின் வலது பக்கம் போக வேண்டும், ஸ்டியரிங் இடது பக்கம். இண்டிகேட்டர் போடுகிறேன் என்று வைப்பரைப் போட்டேன். டெக்ஸாஸ் வெயிலில் ஒரு சொட்டு மழை இல்லாமல் வைப்பர் ஆட, பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து "மழ வலுக்குதே!" என்றான். முதல் நாள் கை நடுங்கியது. மூன்றாவது ஞாயிறு பெரிய ரோட்டில் நாற்பது கிலோமீட்டர். முன்னால் டிரெய்லர் எதையாவது பார்த்தால் மட்டும் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. போகட்டும். அது இருக்க வேண்டிய பயம்.

மெக்ஸிகோ கிராமத்து ரோடு பற்றி யாரைக் கேட்டாலும், எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் முதலில் சொல்வது ஒன்றே. ராத்திரியில் ஓட்டாதே. கொள்ளைக்காரன் இரண்டாவது காரணம்தான். ரோட்டில் படுத்திருக்கும் மாடு, லைட் இல்லாத லாரி, ஓரத்தில் இறங்க இடமில்லாத ரோடு, கண்ணுக்குத் தெரியாத தோபே, இவைதான் முதல் காரணம். இதைப் படிக்கிற அமெரிக்கக்காரர்களுக்கு இது ஒரு டிப்ஸ். எங்களுக்குப் பாடம். ஃபீஸ் கட்டிப் படித்த பாடம்.

பாக்ஸ் ஷீட்டின் கடைசி வரியைச் சிவப்பில் போட்டிருக்கிறான்: 'மாலை 4 மணிக்கு மேல் வண்டி ஓடாது. எந்த ஊரில் இருக்கிறோமோ அங்கேயே தங்கல். ரூம் வாடகை தண்டம் அல்ல.' பிப்ரவரியில் சூரியன் ஆறரை வாக்கில்தான் இறங்கும், நாலு மணி ரொம்ப சீக்கிரமில்லையா என்றேன். "டயர் பஞ்சராக ஒரு மணி, ரூம் தேட ஒரு மணி, நீ வைப்பர் போட்டு நிக்க அரை மணி" என்றான்.

ராத்திரி அம்மாவுக்கு போன் செய்தேன். அங்கே காலை காபி நேரம்.

"ராத்திரில ஓட்டாதீங்கடா."

"நாலு மணிக்கு மேல வண்டியே எடுக்க மாட்டோம்மா."

"அவன் காலு எப்படி இருக்கு? அவ்ளோ தூரமும் அவனேவா ஓட்டறான்?"

கொஞ்சம் யோசித்தேன். "நானும்தாம்மா."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"வெறும் வயித்தோட ஓட்டாத. ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டு எடு" என்றாள் அம்மா.

மணி பதினொன்று. உள்ளேயிருந்து பாக்ஸ் லைட்டை அணைக்கச் சொல்கிறான். நாளைக்கு எல்லை வரைக்கும் யார் என்று ஷீட்டில் பார்த்தேன். முதல் வரியிலேயே என் பெயர். மேஜையில் என் பாஸ்போர்ட் மேல் கார் சாவி இருக்கிறது.